காலைக்குக் கொடுத்த பன்னிரண்டு நிமிடம்

குளிர்காலத்தில் ஏழரைக்கு மேல்தான் சூரியன் உதிக்கிற இந்த வடக்குத் தேசத்து ஊரில் என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஜனவரி மூன்றாம் தேதி காலை ஏழு பதினேழுக்கு, பாலத்துக்கு முன்னால் இருக்கிற நாற்சந்தியில், பேக்கரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் சைக்கிளை இடித்துவிட்டார். அந்த மனிதருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது. உயிர் தப்பியது பெரிய விஷயம். எட்டாம் தேதி டிப்போவில் விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் இவருடைய உரிமம் போகும், வேலையும் போகும்.

முதல் நாளிலிருந்து இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தெருவிளக்கு அணைந்திருந்தது, இருட்டாக இருந்தது, பக்கத்துத் தெருவிலிருந்து வந்த சைக்கிளில் விளக்கு இல்லை, வண்டியின் முகப்பு விளக்கு அந்தப் பக்கம் எட்டாது. டிப்போவில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்த பிறகுதானே நகராட்சி விளக்கை அணைக்கும், அப்புறம் எங்கிருந்து வந்தது இருட்டு என்று கேட்டார்களாம்.

நானும் அதையேதான் கேட்டேன். எனக்கு அதைக் கேட்க மற்றவர்களைவிட அதிக உரிமை இருப்பதாக நினைத்தேன். ஏனென்றால் அந்த விளக்குகள் எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று அட்டவணை போட்டவள் நான்.

நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் எனக்கு வேலை. வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக அணைகிற கருவிகளை நவம்பரில் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவை திரும்பி வரும்வரை கையால் ஓர் அட்டவணை வேண்டும் என்று பொறியாளர் என்னிடம் கொடுத்தார். விதி சுலபம். சூரியன் உதிக்க அரைமணி நேரம் முன்னால் அணைக்க வேண்டும்.

நான் அதைப் போட்டுக்கொண்டிருந்த அன்று எங்கள் லைன்மேன் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். குளிர்காலத்தில் சூரியன் தூரமாகப் போய்விடுகிறது, அதனால்தான் பகல் சுருங்குகிறது என்றார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிச் சாய்த்துப் பிடித்து, பூமியின் சாய்வுதான் காரணம், தூரம் இல்லை, சொல்லப்போனால் ஜனவரி முதல் வாரத்தில்தான் நாம் சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறோம் என்று ஒரு பாடமே எடுத்தேன். மனிதர் பாவம், தேநீர் சிந்திவிடுமோ என்ற கவலையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அறையில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே பெருமையோடு அட்டவணையை முடித்தேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியில், மிகச் சிறிய பகலான டிசம்பர் இருபத்தொன்றுக்கு உதயம் ஏழு ஐம்பத்தாறு என்று போட்டிருந்தது. மற்ற நாட்களுக்குப் பகலின் நீளம் மட்டும்தான் இருந்தது. ஜனவரி நடுவில் பகல் இருபத்துநான்கு நிமிடம் நீண்டிருக்கும். இருபத்துநான்கில் பாதி காலைக்கு, பாதி மாலைக்கு. ஜனவரி முதல் பாதி முழுவதற்கும் உதயம் ஏழு நாற்பத்துநான்கு, விளக்கு அணைவது ஏழு பதினான்கு. பச்சைப் பிள்ளைகூடப் போடுகிற கணக்கு. பொறியாளர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உன் அட்டவணைய ஒரு தடவ பாக்கிறியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தன் தப்பை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் பட்டது. சிறிய பகல் முடிந்து பதின்மூன்று நாள் கழித்து நடந்த விபத்து, நாளுக்கு நாள் சீக்கிரம் விடிகிற காலம், எந்த இருட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். தூங்கிவிட்டீர்களா, போனைப் பார்த்தீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"பொய்க்கு மேல பொய் வேணாங்க. ஒத்துக்கிட்டா கொஞ்சமாவது இரக்கம் காட்டுவாங்க."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை நான் எழுந்தபோது ஆள் இல்லை. விசாரணை எட்டு மணிக்கு. சாப்பிடாமலே கிளம்பிப் போயிருந்தார்.

ஆறரைக்கு நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டார். என் தம்பி பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை, கட்டினவளே நம்பவில்லை என்றால் அவன் எங்கே போவான் என்று ஒரு மூச்சு அழுது, ஒரு மூச்சு திட்டினார். இன்றோடு இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நாற்சந்திக்குக் கிளம்பினேன். விளக்கு அணைந்த பிறகு வெளிச்சத்தில் சாலையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பவேண்டும். அதுதான் திட்டம்.

ஏழு பதினான்குக்கு விளக்குகள் ஒட்டுமொத்தமாக அணைந்தன.

எதிரே இருந்த மருந்துக் கடையின் பெயர்ப்பலகையைக் காணோம். சாலையின் நடுக்கோடு தெரியவில்லை. என் கால் செருப்பு தெரியவில்லை. கண் பழகட்டும் என்று நின்றேன். யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து இருமிய பிறகுதான் அங்கே ஆள் இருப்பதே தெரிந்தது. எடுத்த படம் கரியாக வந்திருந்தது.

போனில் உதய நேரத்தைத் தேடினேன். டிசம்பர் இருபத்தொன்று, ஏழு ஐம்பத்தாறு. சரி. ஜனவரி மூன்று, ஏழு ஐம்பத்தொன்பது. இன்றைக்கு, ஏழு ஐம்பத்தெட்டு. மறுபடி பார்த்தேன். வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிறிய பகல் முடிந்த பிறகும் காலை இன்னும் தாமதமாகிக்கொண்டுதான் போயிருக்கிறது. அந்த வாரங்களில் சூரியன் உச்சிக்கு வருகிற நேரமே நாளுக்கு அரை நிமிடம் பின்னால் தள்ளிப் போகிறதாம். நீண்ட பகல் அத்தனையும் மாலையின் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. காலைக்கு ஒன்றும் வரவில்லை. வராத பன்னிரண்டு நிமிடத்தை நானாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அரைமணி நேரம் முன்னால் அணைய வேண்டிய விளக்கு, அன்றைக்கு முக்கால்மணி நேரம் முன்னால் அணைந்திருக்கிறது.

படுபாவி, லைன்மேனுக்குப் பாடம் எடுத்தாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இவருடைய போன் அணைந்திருந்தது. விசாரணைக்குப் போகிறவர்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். டிப்போ இரண்டு கிலோமீட்டர். மூடுபனியில் பேருந்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தேன். நாற்பத்தெட்டு வயதில் நான் ஓடுவதைப் பார்த்து ஒரு காய்கறி வண்டிக்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். பாலத்தின் ஏற்றத்தில் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. எட்டு மணிக்குள் போய்விட்டால் போதும், எட்டு மணிக்குள் போய்விட்டால் போதும் என்று அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

வாசலில் காவலாளி பெயர், உறவு, காரணம் எல்லாம் எழுதச் சொன்னார். எழுதினேன். மாடியில் மூன்றாவது அறை என்றார். நான் கதவைத் தள்ளியபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு பத்து.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. இந்தப் பக்கம் இவர், இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு. நடுவில் ஒரு தாள். அதில் இவருடைய கையெழுத்து காய்ந்திருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டவணை தப்பு, காலை விடியவே இல்லை, நானே நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இத ஒரு தடவ படிங்கம்மா."

இவருடைய குண்டுக் கையெழுத்து. 'அன்று இருட்டாக இருந்ததாக முதலில் சொன்னேன். அது தவறு. தெருவிளக்கு நேரத்தைக் குறிப்பவர் என் மனைவி. அவர் கணக்கு தப்பாது. ஆகவே வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். நான்தான் பார்க்கத் தவறியிருக்கிறேன்.'

எழுத்துகள் கலங்கின. கையெழுத்துப் போட்டதைத் திரும்ப வாங்க முடியாது, வேண்டுமானால் நீங்கள் தனியாக எழுதிக் கொடுங்கள், இதோடு சேர்த்து மேலே அனுப்புகிறேன், முடிவு என் கையில் இல்லை என்றார் அதிகாரி. எழுதினால் என் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியும். பேனா கேட்டேன்.

அப்போதுதான் இவர் தலையைத் தூக்கினார். ஐந்து நாளாக என் முகத்தைச் சரியாகப் பார்க்காத மனிதர். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கோபமே இல்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"அப்போ... இருட்டாத்தான் இருந்துச்சா?"