மன்றத்தில் சொன்னது

ரோசலின் பேசத் தெரிந்த பெண். பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு கிறிஸ்தவ மிஷன் விடுதியில் நாற்பது பெண்கள் தங்கிப் படித்தார்கள். சபை நடுவே எழுந்து ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேச வேண்டும் என்றால் அத்தனை பேரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றல் வந்துகொண்டே இருந்ததால் மகளை விடுதியில் சேர்த்திருந்தார்.

விடுதியில் தையல் குழு இருந்தது, பாட்டுக் குழு இருந்தது, கைடு என்ற சாரணியர் படையும் இருந்தது. ஆனால் மதிப்பு இலக்கிய மன்றத்துக்குத்தான். சனிக்கிழமைதோறும் விடுதித் தலைவி மிஸ் பெல்டன் முன்னிலையில் அது கூடும். தவணை முடியுமுன் ஒரு பெரிய விவாதம் நடக்கும். ஜெயித்தவளுக்கு வெள்ளிக் கோப்பை. 1934-ஆம் வருஷத்து விவாதத்துக்கு, ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற தலைப்பைக் கொடுத்தார்கள். மூட வேண்டும் என்று பேச ரோசலின்.

அவளுக்குக் கள்ளுக்கடையைப் பற்றி எதுவும் தெரியாது. எழுதியதெல்லாம் பத்திரிகையில் படித்த மாதிரியே இருந்தது. விவாதத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அவளுக்குச் சூசன் சொன்ன விஷயம் நினைவுக்கு வந்தது.

சூசன் பக்கத்துக் கட்டில்காரி, கடலோரத்தில் தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் மகள். ஒருமுறை அவள் அம்மா பார்க்க வந்தபோது வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். அம்மா போனபின் ரோசலின் கேட்டதற்கு, துணி தேய்த்துக்கொண்டே சூசன் சொன்னாள். அப்பா கள்ளுக்கடையிலிருந்து வந்த ஒரு சாயங்காலம் உலையைக் காலால் எட்டி உதைத்தாராம். கொதிக்கிற கஞ்சி அம்மா கையில் கொட்டி இரண்டு விரல் ஒட்டிக்கொண்டதாம். தானே தவறிக் கொட்டிக்கொண்டேன் என்றுதான் அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னாராம். யாரிடமும் சொல்லாதே என்று சூசன் கேட்டுக்கொள்ளவில்லை. அப்படிக் கேட்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ரோசலின் அதைப் பேச்சின் கடைசியில் வைத்தாள். பெயர் சொல்லவில்லை. கடலோரத் தோட்டம் ஒன்று, ஒரு கிராணியின் மனைவி என்று மட்டும் சொன்னாள். ஒட்டிய விரல்களைப் பற்றிச் சொன்னபோது கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தன் குரல் அத்தனை பேரையும் பிடித்து வைத்திருப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது. பிறகுதான் முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்புவதைப் பார்த்தாள். விடுதியில் கடலோரத் தோட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்திதான். சூசன் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, யாரைப் பற்றியோ கேட்பவள்போல நேரே பார்த்தபடி இருந்தாள்.

கோப்பை ரோசலினுக்கே கிடைத்தது. அது உண்மைச் சம்பவமா என்று மிஸ் பெல்டன் கேட்டபோது, ஆமாம் மிஸ், எனக்குத் தெரிந்த குடும்பம் என்று பெருமையாகவே சொன்னாள்.

அதோடு போயிருந்தால் சரி. மிஸ் பெல்டன் நல்ல மனுஷி. கேட்டதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில், மன்றத்துப் பெண்கள் எல்லோரும் அந்தத் தோட்டத்துக்கே போய் ஞானப்பாட்டு பாடி மதுவிலக்கைப் பற்றிப் பேசலாம், அந்தத் தாயைக் கண்டு ஆறுதல் சொல்லலாம் என்றார். அனுமதி கேட்டுத் தோட்டத்துத் துரைக்குத் தாமே கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். பெண்கள் கை தட்டினார்கள்.

ஒரு வாரமாகப் பேசாதிருந்த சூசன் அன்றைக்குக் கிணற்றடியில் ரோசலினிடம் வந்தாள்.

"துரைக்கு லெட்டர் போனா அப்பா வேலை போயிரும். நீதான ஆரம்பிச்ச. நீயே நிறுத்து."

அடுத்த சனிக்கிழமை ரோசலின் எழுந்து நின்றாள். தான் சொன்னது கற்பனை என்றாள். ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத் தானே கட்டிய கதை, அப்படி ஒரு குடும்பமே இல்லை என்றாள். அப்போதும் வார்த்தைகள் தடுமாறாமல் வந்தன. மிஸ் பெல்டன் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மன்றத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார். கடிதம் போகவில்லை.

தான் பெரிய தியாகம் செய்துவிட்டதாகத்தான் ரோசலின் நினைத்தாள். இனி சூசன் பேசுவாள் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். பேசாததால் தானே போய்க் கேட்டாள்.

"நீ சொன்னபடி நிறுத்திட்டேன்ல. இன்னும் என்ன கோபம்?"

"நிறுத்தச் சொன்னேன். பொய்யின்னு சொல்லச் சொல்லல."

"வேற என்ன சொல்றது?"

"'சூசன் நம்பி என்கிட்ட சொன்னத நான் வெளிய சொல்லியிருக்கக் கூடாது, அவங்க வீட்டுக்குப் போகாதீங்க மிஸ்'னு சொல்லியிருக்கலாம். அது உன் வாயில வரல." சூசன் குரலை உயர்த்தவில்லை. "இப்ப எங்கம்மா கை வெந்ததே பொய்யாப் போச்சு. பாவம், உங்கப்பாவப் பத்தி எப்படிக் கதை கட்டிட்டா பாருன்னு பிள்ளைங்க வந்து சொல்றாங்க. நானும் ஆமான்னு தலைய ஆட்டிட்டு நிக்கிறேன்."

மிஸ் பெல்டனிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ரோசலின் யோசித்தாள். சொன்னால் மறுபடி கடிதம் போகும். சொல்லாவிட்டால் சூசன் அந்தப் பொய்க்குத் தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அடி படுவது சூசன்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

டிசம்பர் விடுமுறைக்குச் சூசனை அழைத்துப் போக அவள் அப்பா வந்தார். ரோசலின் அவரைப் பார்த்தது அதுவே முதல் தடவை. ஒல்லியான மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் தொப்பி. வராந்தாவில் நின்றிருந்த ரோசலினிடம் வெட்கத்தோடு சிரித்தார்.

"நீதானம்மா ரோசலின்? ரொம்ப நல்லாப் பேசுவேன்னு சூசன் எழுதுவா. போன மாசம் விவாதம் இருந்துச்சாமே. யாரு ஜெயிச்சது?"

அவருக்கு எதுவும் தெரியாது. ரோசலின் அவர் கைகளையே பார்த்தாள். அவை மகளின் பெட்டியை எடுக்கக் குனிந்திருந்தன. இவரைத்தான் நாற்பது பேர் முன்னால் அப்படி நிறுத்தினோம் என்று நினைத்தாள். அவர் அதைச் செய்தவர்தான் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஒரே மனிதரிடம் பொருத்திப் பார்க்க அவளால் முடியவில்லை.

"யாரும் ஜெயிக்கலப்பா," என்றாள் பின்னால் வந்த சூசன். "நேரமாச்சு, வாங்க."

ஜனவரியில் அவள் திரும்பி வரவில்லை. தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்று மிஸ் பெல்டன் சொன்னார். பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். ரோசலின் கிள்ளானுக்கு இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டிலும் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்ததும் மன்றத்தில் பேசியதுபோலவே வாக்கியங்கள் அழகாக அமைந்துவிட்டன. அதனால் இரண்டையும் கிழித்துப் போட்டாள்.