கருப்பு உடுப்பு

1916 இறுதி. வியன்னாவில் போர் மூன்றாவது குளிர்காலத்தைத் தொட்டிருந்தது. தம்பி ஃபெர்டல் இத்தாலி எல்லையில் செத்துப்போனதாக முந்தின நாள் தந்தி வந்தது. ஒட்டிலிக்கு அழுகை வரவில்லை. காலையில் துக்கத்துக்கான கருப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ரேடிய ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? வீட்டுக்குப் போடி" என்றாள் உடன் வேலை செய்யும் போல்டி.

"ஒரு நாள் அளவு விட்டுப்போனா வரிசையே கெட்டுடும்."

ரேடியத்திலிருந்து வரும் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அது எவ்வளவு வேகமாக அழிகிறது என்று அவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள். மின்காட்டி என்ற கருவிக்குள் மெல்லிய தங்க இலை மின்னேற்றத்தால் விரிந்து நிற்கும். கதிர் பட்டால் மெல்லத் தாழும். வாயு அழிய அழிய, இலை தாழும் வேகமும் நாளுக்கு நாள் குறையும். ஏறக்குறைய நான்கு நாளில் பாதியாகிவிடும். அந்தக் கணக்கே அவர்கள் தேடியது.

முதலில் குழாயை அப்பால் வைத்துவிட்டு வெறும் மின்காட்டியைச் சோதிப்பது வழக்கம். அன்று குழாய் இல்லாமலே இலை மடமடவென்று விழுந்தது. ஒட்டிலி மின்காட்டியைத் துடைத்துப் பார்த்தாள். அப்படியேதான் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்றாள் போல்டி.

தள்ளி நின்றாள். இலை அசையாமல் நின்றது. கிட்டே வந்ததும் விழுந்தது.

"நீதான்டி. போன மாசம் ரேடியக் கரைசலைக் கொட்டினியே, அன்னைக்கு இதைத்தானே போட்டிருந்தே?"

"துவைச்சுட்டேனே."

"துவைச்சா போயிடுமா? அது பாதி குறையவே ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்."

ஒட்டிலியிடம் இருந்த ஒரே கருப்பு உடுப்பு அதுதான். பக்கத்து அறையில் கழற்றி ஈயப் பெட்டிக்குள் போட்டாள். போல்டி அங்கே மாற்றுக்கு வைத்திருந்த சட்டையையும் பச்சைப் பாவாடையையும் போட்டுக்கொண்டு வந்து அளவை முடித்தாள். கணக்கு சரியாக வந்தது. சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா பாவாடையையே வெறித்தாள்.

"பச்சையா? உன் தம்பி செத்த சேதி வந்து ஒரு நாள்தானேடி ஆகுது!"

"கருப்பு உடுப்புல ரேடியம் பட்டிருந்ததும்மா."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கருப்புச் சால்வையை எடுத்து மகள் தோளில் போட்டாள். பிறகு இருவரும் சமையலறையில் உட்கார்ந்து, ஆறிப்போன டர்னிப் கிழங்கு சூப்பைக் குடித்தார்கள்.