சுவரில் இருந்த அப்பா

ரொட்டி சுடும் மணம் வீடெங்கும் பரவியிருந்த காலையில், கேப்டன் மோரிட்ஸ் கூடத்து வாசலில் வெறும் காலுறையோடு நின்று, தன் நான்கு வயது மகள் தன்னைப் பற்றிக் கோள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த மாமா இன்னும் போகலை. உங்க நாற்காலியிலேயே உக்கார்றார். அம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க சீக்கிரம் வந்து அவரை அனுப்பிடுங்க."

ஆக்னெத்தா பேசிக்கொண்டிருந்தது சுவரில் மாட்டியிருந்த படத்தோடு. பின்லாந்துப் போருக்குக் கிளம்புமுன் அவரை உட்கார வைத்து, பேஸ்டல் வண்ணக்கட்டியால் ஓவியர் ஒருவர் தீட்டிய படம். நீலச் சீருடை, அந்தக் கால வழக்கப்படி வெள்ளைப் பவுடர் பூசிய தலைமுடி, ரோஜா நிறக் கன்னம். உட்கார நேரமில்லை என்று சலித்துக்கொண்டவரை அவர் மனைவி உல்ரிக்காதான் பிடித்து உட்கார வைத்தாள். அப்போது குழந்தைக்கு நடை வந்து கொஞ்ச நாள்தான். பிறகு தினமும் அவளைத் தூக்கிக் காட்டி, "அப்பாவுக்கு வணக்கம் சொல்லு" என்று பழக்கியிருக்கிறாள். அந்தப் பழக்கம் நன்றாகவே படிந்துவிட்டது. முகாம் காய்ச்சலில் முடி கொட்டி, பனியில் காது நுனி கருகி, கன்னத்தில் வாள்வெட்டோடு வண்டியிலிருந்து இறங்கியவரைக் கண்டதும், குழந்தை சமையல்காரியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அந்தப் படத்தைக் கழட்டிப் பரண்ல போடு" என்று முந்தின நாள்தான் உல்ரிக்காவிடம் சொல்லியிருந்தார்.

"கழட்டினா அவளுக்கு அப்பா செத்துப்போன மாதிரிங்க" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கே உங்க முகம் மறந்துபோன நாள் உண்டு. அதைப் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றாள். அந்தப் பதிலில் பாதி அவருக்கு ஆறுதலாக இருந்தது. மீதி சுட்டது.

இப்போது அவர் உள்ளே வந்தார். குழந்தை சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதன் பக்கம் போகவில்லை. படத்தின் முன் போய், மேலதிகாரிக்கு முன் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்.

"மாமா, உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியுமா?"

சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "தெரியும். ஒரே கூடாரத்துலதான் படுத்திருந்தோம்."

"அவருக்குக் குளிருமா?"

"ரொம்பக் குளிரும். உன் பேரைச் சொல்லிட்டேதான் தூங்குவார்."

"பயப்படுவாரா?"

படத்திலிருந்தவனின் அலட்சியமான உதட்டைப் பார்த்தார். அவனுக்கு எதுவும் தெரியாது. படைப்பிரிவில் யாரிடமும், உல்ரிக்காவிடம்கூட, அவர் இதைச் சொன்னதில்லை.

"படுவார் கண்ணு. நிறையப் படுவார்."

ஆக்னெத்தா படத்தை யோசனையோடு அண்ணாந்து பார்த்தாள். பிறகு சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் சுடச்சுட ஒரு பார்லி ரொட்டி, மேலே கட்டியாக வெண்ணெய். அவள் பின்னாலேயே உல்ரிக்காவும் வந்து வாசலில் நின்றாள்.

"திரும்பிப் போறப்போ இதை அப்பாகிட்ட குடுங்க. வழியில நீங்க தின்னுடக் கூடாது."

"ஏங்க..." என்று தொடங்கிய உல்ரிக்கா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவர் ரொட்டியை வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்தார். குழந்தை அருகே வந்து, எக்கி நின்று, மேல்பொத்தானைத் தானே மாட்டிவிட முயன்றது. அதற்கு எட்டவில்லை. அவர் தரையில் மண்டியிட்டார். சின்ன விரல்கள் கழுத்தடியில் துழாவிக்கொண்டிருக்க, வெண்ணெய் மெல்ல உருகி, சட்டையைத் தாண்டி, இளஞ்சூடாக அவர் நெஞ்சில் இறங்கியது.