அதே இருபதுதான்

அவளுக்குக் கணக்கு வராது. "எனக்கெல்லாம் கணக்கே வராதுப்பா" என்று ஊரில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த வராது வேறு, இந்த வராது வேறு. அவர்களுக்கு மணி பார்க்கத் தெரியும், பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் எண் தெரியும், தங்கள் வயதாவது தெரியும். இவளிடம் வயதைக் கேட்டால், "அதை அவரைத்தான் கேக்கணும்" என்பாள். புருஷன் மேல் எவ்வளவு மரியாதை பார் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எழுத்தில் குறையில்லை. செய்தித்தாளை வரி விடாமல் படிப்பாள், தேதியை மட்டும் தாண்டிப் போவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டாகச் சொல்லவும் வரும். அந்தப் பாட்டுக்கும் எதிரே இருக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. கணக்கு வாத்தியார் அவளுக்கு 'முட்டை' என்று பெயர் வைத்தார். வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. பெஞ்சு மேல் ஏறி நின்று நின்று, ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் அவளுக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும், வாத்தியாரைச் சொல்லிக் குற்றமில்லை என்று பெரிய மனதோடு சொல்பவர்கள் சொல்லட்டும். பிரம்பு முறிகிற அளவுக்கு அடித்தவரை மன்னிக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

பள்ளியை விட்டபின் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடப் போனாள். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் இருக்காது, எண் மட்டும்தான், அதைப் பார்த்து ஏற முடியாது. ஓட்டுநரின் மீசையைப் பார்த்து ஏறுவாள். கத்தை மீசை வந்தால் அது அவளுடைய பேருந்து. ஒருநாள் கத்தை மீசையை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் வழக்கம்போல ஏறி உட்கார்ந்து, எங்கோ கண்காணாத கடைசி நிறுத்தத்தில் தனியாக விழித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் வந்து கேட்டார்.

"நம்பர் பாத்து ஏறலையாம்மா?"

"இல்லைங்க. உங்களைப் பாத்துத்தான் ஏறினேன்."

இப்படி ஒரு பெண் சொன்னால் எந்த ஆண்பிள்ளைதான் தரையில் நடப்பான்? அடுத்த வாரமே பெண் கேட்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் விஷயம் வெளிவந்தது. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. மீசைக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அன்றிலிருந்து அவளுடைய எண்ணெல்லாம் அவர்தான். எழுப்புகிற நேரத்துக்கு எழுப்பினார், போகிற இடத்துக்கு ஏற்றிவிட்டார், கைப்பேசி வந்தபோது எண்களை எடுத்துவிட்டு ஆட்களின் படங்களாக வைத்துக் கொடுத்தார். சலவைக் கடையில் எண் எழுதிய துணித்துண்டைக் கட்டுவதற்குப் பதிலாக வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டச் சொல்லி யோசனை கொடுத்ததும் அவர்தான். கடைக்காரர் அதை இவளுடைய சுத்தபத்தம் என்று மெச்சிக்கொண்டார். மகள் பிறந்து, வளர்ந்து, கணக்குப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடியபோது, "உங்கம்மா கணக்குல புலி, இந்தச் சில்லறைக் கணக்கையெல்லாம் தொட மாட்டா, இங்க கொண்டா" என்று வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் மறைத்தார். மகள் படித்து, பொறியாளராகி, வேறு ஊரில் குடித்தனம் போகும்வரை மறைத்தார்.

பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. அது முதலில் கால் விரலைத் தின்றது, அப்புறம் கண்ணுக்கு வந்தது. முகங்கள் கரைந்தன, தினமும் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஊசிக் குழலில் இருந்த கோடுகள் அதற்கு முன்பே கரைந்துவிட்டன. எண் தெரிந்தவருக்குக் கண் போயிற்று, கண் இருந்தவளுக்கு எண் தெரியவில்லை.

பார்வை முழுதும் போவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒரு ஊசிக் குழலைக் கண்ணுக்கு அருகே ஒட்டிப் பிடித்து, தேடித் தேடி ஒரு கோட்டின் மேல் வளையம் போட்டார்.

"இதான் இருபது. இந்த வளையம் வரைக்கும் இழுத்துப் போடு. புது ஊசி வாங்கினா இது பக்கத்துல நிறுத்தி, இதே உயரத்துல வளையம் போட்டுக்கோ. இதை மட்டும் தூக்கிப் போட்டுடாதே."

அவள் அதை மாதிரிக்கென்று துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். முனை மழுங்கி ஒவ்வொரு ஊசியாகத் தூக்கிப் போடும்போதும், புதியதை மாதிரி ஊசியோடு தோளோடு தோள் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையம் போடுவாள். கை நடுங்காது. ஒருநாளும் தவறியதில்லை. தன்னால் ஒரு அளவைப் பிசகாமல் காப்பாற்ற முடிகிறது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. வாழ்க்கையில் அவள் பெருமைப்பட்ட ஒரே அளவு அது.

போன மழைக்காலத்தில் அவர் காலில் புண் வந்து நடக்க முடியாமல் போனது. மருந்து வாங்க அவள் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். மருந்து கொடுக்கிற நர்ஸ் நல்ல பெண்தான், வரிசைதான் வாசலைத் தாண்டி நின்றது.

"அம்மா, இனிமே பழைய மருந்து வராது. இது அதைவிடக் கெட்டி. இதுக்கு இந்த ஊசிதான், ஆரஞ்சு மூடி. பழைய ஊசியில எடுத்துடாதீங்க, ஆபத்து. எண்ணிக்கை மாறலை, காலையில அதே இருபதுதான். கோடு பாத்து எடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா" என்றாள். பெஞ்சு மேல் நின்ற நாளிலிருந்து அவள் எல்லாரிடமும் சொல்கிற பதில் அது.

வீட்டுக்கு வந்து நர்ஸ் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவரிடம் ஒப்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். "அதே இருபதுன்னா சரிதான். ஊசிதான் மாறணும், பழசுல எடுத்துடாதே" என்றார். அவர் மனதில் இருபது என்பது ஒரு எண். எழுதியிருக்கும் இடம் எங்கே போனாலும் அது இருபதுதான். அவள் மனதில் இருபது என்பது ஒரு உயரம். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஒருவர் மனதில் இருப்பது மற்றவர் மனதிலும் இருக்கிறது என்று நம்பிவிட்டார்கள்.

அவள் அலமாரியைத் திறந்து மாதிரி ஊசியை எடுத்தாள். ஆரஞ்சு மூடிக்காரனைப் பக்கத்தில் நிறுத்தினாள். நீளம் ஒன்று, பருமன் ஒன்று. ஆனால் புதியதில் கோடுகள் நெருக்கி நெருக்கி இருந்தன, எழுதியிருந்த எண்களின் முகமும் வேறு மாதிரி இருந்தது. எண்கள் அவளுக்கு எப்போதும் வேறு மாதிரிதான் தெரியும், அதனால் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடுகளின் நெருக்கம்தான் உறுத்தியது.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தாள். சின்ன வயதுதான், முகம் சுளிக்கத் தெரியாத பெண். அவளைக் கேட்டால் ஒரு நொடியில் ஆகிவிடும். இவள் ஊசியை முந்தானையில் மறைத்துக்கொண்டு அந்த வாசல்வரை போனாள். கதவு திறந்தது.

"வாங்க, என்னக்கா?"

டீச்சரின் கையில் சிவப்புப் பேனா இருந்தது. பின்னால் மேசையில் பரீட்சைத் தாள்கள் அடுக்கியிருந்தன. இந்த வயதில், பேரன் எடுக்க வேண்டிய வயதில், இதில் இருபது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கேட்பது?

"தீப்பெட்டி இருக்குமா?" என்றாள்.

தீப்பெட்டியோடு திரும்பி வந்தாள். வீட்டில் தீப்பெட்டி இருந்தது. மாதிரி ஊசியின் தோளோடு தோள் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதே உயரத்தில் வளையம் போட்டாள். வளையம் சுத்தமாக, ஒரு மயிரிழை பிசகாமல் விழுந்தது.

மறுநாள் காலை வளையம்வரை இழுத்து அவருக்கு ஊசி போட்டாள். அவர் சாப்பிட்டார். "புது ஊசி வலிக்கவே இல்லை" என்றார். அவள் வேலைக்குக் கிளம்பினாள். இடைவேளையில் வந்து பார்த்தபோது அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, வாயோரம் வாந்தி. ஒரு கை தண்ணீர்ச் சொம்பின் பக்கம் நீண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தது டீச்சர்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான்.

"எவ்வளவு மருந்து போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"இருபது" என்றாள் உறுதியாக. அந்த ஒரு எண்ணைத்தான் அவள் வாழ்க்கையில் ஒழுங்காகப் படித்திருந்தாள்.

டாக்டர் நம்பாமல் ஊசியைக் கொண்டுவரச் சொன்னார். டீச்சர் போய் எடுத்து வந்தாள். டாக்டர் சிவப்பு வளையத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இது ஐம்பதும்மா" என்றார்.

அடுத்த நாள் மகள் வந்து சேர்ந்தாள். அவருக்கும் நினைவு திரும்பியிருந்தது. டாக்டர் கட்டில் அருகே நின்று, "ஐம்பதுல ஏன் அடையாளம் வச்சீங்க?" என்று இவளைக் கேட்டார். இவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் ஐம்பது போடச் சொன்னேன். அவ மேல தப்பில்லை."

டாக்டரும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் போன மனிதர், விரல் போன மனிதர், மருந்தை ஏற்றிப் போடச் சொல்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் தடவிப் பார்த்து இவள் கையைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்கிற அழுத்தம். இத்தனை காலமும் அந்த அழுத்தத்துக்குக் கட்டுப்பட்டவள், அன்றும் பேசாமல் நின்றாள்.

மயங்கிக் கிடந்தபோது வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. அதில் காய்ச்சல் கண்டு, அந்த வாரம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

எல்லாரும் வந்து போனபிறகு மகள் அலமாரியை ஒழித்தாள். ஊசிகளை எடுத்து மேசை மேல் போட்டவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா எனக்கு போன் பண்ணிக்கிட்டே இருந்தாரும்மா. வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேன். அப்புறம் பேசவே இல்லை. நான் பேசியிருந்தா அவர் இப்படிப் பண்ணியிருக்க மாட்டார்." அவள் அழுதாள். சின்ன வயதில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டு வந்தபோது அழுத அதே அழுகை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை இவள் கண்ணெதிரே பார்த்தாள். தனக்காக அவர் சொன்ன பொய், இப்போது மகளின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. இனி எதை மறைத்து என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"அவர் ஒண்ணும் சொல்லலைம்மா. நான்தான் போட்டேன். எனக்கு நம்பர் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாது. சின்ன வயசுலேருந்தே தெரியாது. மணி பாக்கத் தெரியாது. இருபதுன்னாலும் ஐம்பதுன்னாலும் எனக்கு வெறும் சத்தந்தான். பழைய ஊசியப் பாத்து அதே உயரத்துல வளையம் போட்டேன். உங்கப்பா என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னார்."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு அந்த முகத்தில் ஒரு கசந்த அன்பு வந்தது.

"அப்பா பேரைக் காப்பாத்த நீ முட்டாளாகாதேம்மா. கணக்குல புலின்னு அவர் வாயாலயே எத்தனை தடவை சொல்லியிருக்கார்."

உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம் என்று இவள் வாழ்நாளெல்லாம் பயந்திருந்தாள். சொன்னபிறகும் அது செல்லாது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அப்ப என்னைக் கேட்டுப் பாரு" என்றாள்.

மகள் சலிப்போடு வளையம் போடாத ஆரஞ்சு மூடி ஊசி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். "சரி. இதுல இருபது எங்க இருக்கு, காட்டு."

அவள் ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மனதார முயன்றாள், தெரியாததுபோல நடிக்கவில்லை. விரல் முதலில் நடுவில் போய் நின்றது. அது இல்லை என்று இப்போது தெரியும். அங்கிருந்து கொஞ்சம் மேலே போனது, தயங்கியது, கீழே இறங்கியது, மறுபடி மேலே போனது. நெருங்கி நின்ற கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெளிந்தன. மகள் முதலில் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கை தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டது.

"விடும்மா, போதும்" என்றாள்.

அவள் விடவில்லை. கடைசியில் ஊசியை மேசை மேல் வைத்துவிட்டு, எப்போதும் எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அதை அவரைத்தான் கேக்கணும்."