மேரி பெருக்கிய பாலைவனம்

பூபாலன் முபஷ்ஷிருக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூறு ரூபாய். மகள் ஜாக்குலின் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்த வகையில் நின்ற பணம். அது வராததால் ஆல்பம் செய்யூரில் முபஷ்ஷிரின் ஸ்டுடியோ அலமாரியிலேயே கிடந்தது. சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் போன் செய்தால் முதல் பேச்சே அதுதான்.

"கல்யாணம் நெஜமாவே நடந்துச்சான்னு எங்க மாமியாரு கேக்குது நைனா."

கேலிதான். ஆனாலும் பூபாலனுக்குச் சுருக்கென்று தைக்கும். சவுக்கு வெட்டுகிற கூலியில் அரிசிக்குப் போக என்ன மிஞ்சும்?

ஒரு நாள் முபஷ்ஷிரே வண்டியில் வந்து இறங்கினான்.

"அண்ணாத்த, படூர்ல ரஹ்மத்துல்லா பாய் அரபு மந்தி பிரியாணிக் கடை தொறக்கறாரு. சொவரு முழுக்கப் பாலைவனம் வேணுமாம், பொழுது சாயற நேரத்துல. நெட்டுல கீற படத்தப் பெரிசாக்குனா புள்ளி புள்ளியா ஒடையுது. நம்ம கடலோர மணல் மேட்டையே எடுத்துடலாம்னு கீறேன். ஒத்தாசைக்கு வாங்க ரெண்டு பேரும். பாக்கியில ஐந்நூறு கழிச்சுக்கறேன்."

"ஐந்நூறுதானா? ஒட்டகம்கூட அதுக்கு மேல கேக்கும் பாய்," என்றாள் பூபாலன் மனைவி மேரி. சொன்னாளே தவிர, துடைப்பத்தோடு முதலில் கிளம்பியவளும் அவள்தான்.

மேட்டின் அடியில் முபஷ்ஷிர் குப்புறப் படுத்துப் பார்த்தான். கடல் முதுகுக்குப் பின்னால் போயிற்று. சவுக்குத் தோப்பு மேட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டது. மிச்சம் வெறும் மணலும் வானமும். ஆனால் மணலெங்கும் மாட்டுக் குளம்பு, நாய்க்கால், மனிதக்கால். பூபாலன் ஒற்றைச் செருப்பையும் பாட்டில்களையும் பொறுக்கினான்.

"ஒரு கால் தடம் இருக்கக் கூடாதுக்கா, அழிச்சிடு," என்று சொல்லிவிட்டு முபஷ்ஷிர் வண்டியில் மறந்துவைத்த கேமரா ஸ்டாண்டை எடுக்கப் போனான்.

மேரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வாசல் பெருக்குவது போல, பின்னால் நகர்ந்தபடியே இடமும் வலமுமாக வளைத்து வளைத்துப் பெருக்கிவிட்டாள். மேடு முழுக்க ஈர்க்குக் கோடு அரைவட்டமாக விழுந்து கிடந்தது.

"சர்ச்சு வாசல் மாதிரி கீது," என்று பூபாலன் மெச்சினான்.

திரும்பி வந்த முபஷ்ஷிர் தலையில் கை வைத்தான்.

"இன்னாக்கா பண்ணி வெச்சுக்கீற! பாலைவனத்துல எவன் வந்து வாசல் பெருக்குவான்?"

"நீதானே அழிக்கச் சொன்ன?"

"துணியப் போட்டு லேசா இழுக்கணும்கா! இப்ப ஏறுனா மறுபடியும் கால் தடம். பொழுதும் போவுது!"

பூபாலன் முபஷ்ஷிரின் முகத்தைப் பார்த்தான். ஐந்நூறு போனது போகட்டும். கோபத்தில் பாக்கி முழுவதையும் நாளைக்கே வை என்றுவிட்டால்?

"எடுத்துத்தான் பாரேன் பாய்," என்று கெஞ்சினான்.

வேறு வழியில்லாமல் முபஷ்ஷிர் படுத்தான். சூரியன் மேட்டு விளிம்புக்கு இறங்கியது. வெளிச்சம் சாயச் சாய ஒவ்வொரு ஈர்க்குக் கோடும் தனித்தனியாக நிழல் பிடித்தது. மணல் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, அலை அலையாக எழுந்து நின்றது. திட்டிக்கொண்டிருந்தவன் கேமராவில் கண் வைத்தான். அப்புறம் கேமரா சத்தம்தான்.

அடுத்த வாரம் மறுபடியும் வண்டி வந்து நின்றது.

"காத்து வரைஞ்ச மாதிரி கீதுன்னு ரஹ்மத்துல்லா பாய்க்கு ஒரே சந்தோஷம். நம்ம ஊர் மணலுன்னா நம்பவே மாட்டேங்கறாரு. கேளம்பாக்கம் கடைக்கும் ஒண்ணு வேணுமாம், அதே அலையோட. ஞாயித்துக்கெழமை வந்துடுக்கா."

"வரேன். கணக்க மொதல்ல மூடு," என்றாள் மேரி.

"முழுசாவா? ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் நிக்குதுக்கா!"

"அப்ப நீயே பெருக்கிக்க."

"பெருக்கிப் பாத்துட்டேன்கா," முபஷ்ஷிர் குரலை இறக்கினான். "கோழி கெளறுன மாதிரி கீது."

பூபாலன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். முபஷ்ஷிரும் சிரித்துவிட்டான். வண்டிப் பெட்டியைத் திறந்து, துணி சுற்றிய ஆல்பத்தை எடுத்தான். வரும்போதே கொண்டுவந்திருக்கிறான்!

பூபாலன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். மேரி முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

"இன்னா பாய், என்னிய இவ்ளோ குண்டாவா எடுப்ப?"

"அதுக்குத்தான்கா அந்தப் பணமே வேணாங்கறேன். தீந்துச்சு அண்ணாத்த, ஒரு பைசா பாக்கி இல்ல."