துவைக்கும் கல் வந்த வழி

திருச்செங்கோட்டுக்கு மேற்கே மூன்று வாரமாக நடந்தும் ஆன்சியின் கதிர்வீச்சு அளக்கும் கருவி ஒரு தரம்கூட வாய் திறக்கவில்லை. யுரேனியம் தேடும் அரசுத் துறையில் அவள் புவியியலாளர். அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து காலையில் ஜீப் ஏறுவாள். ஐம்பது அடிக்கு ஒரு முறை கருவியைத் தரையருகே பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்வாள். எங்கும் நூறு, நூற்றுப்பத்து. அதைத் தாண்டியதில்லை.

அன்று சோளக்காட்டை ஒட்டிய ஒரு வீட்டுப் பின்புறம் வழியாக வந்தபோது கருவி படபடவென்று கத்தியது. எண் தொள்ளாயிரம்.

அங்கே கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த சாலம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங் அம்மிணி, இதென்ன இப்புடிக் கத்துது?"

"உங்க கல்லைப் பார்த்துதான் அக்கா. ஒரு நிமிஷம் தள்ளிக்கிறீங்களா?"

இருவரும் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினார்கள். அடியிலிருந்த மண்ணில் ஆன்சி கருவியை வைத்தாள். எண் நூறுக்கு இறங்கிவிட்டது. அப்படியென்றால் நிலத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் கல்லில்தான். ஆன்சி குத்தவைத்து உட்கார்ந்து அதன் மேல் தண்ணீர் ஊற்றினாள். சிவந்த கல், உடம்பெல்லாம் கடலை மிட்டாயில் கடலை பதிந்தாற்போல வெள்ளைக் கூழாங்கற்கள். இந்தச் சுற்றுவட்டாரத்துப் பாறைகளை அவள் உள்ளங்கை ரேகை மாதிரி அறிவாள். இப்படியொரு கல் இங்கே விளைய வழியே இல்லை.

"இது எங்கிருந்துக்கா வந்தது?"

"எங்கூட்டுக்காரரு கொண்டாந்து போட்டாருங்க. போர்வெல் போடற ரிக் வண்டி ஓட்டறாரு. சீலை வாங்கியாங்கன்னு சொல்லி உட்டா, கல்லைத் தூக்கிட்டு வந்து நிக்கறாரு. நம்மூர்ல கல்லுக்கா பஞ்சம்?" சாலம்மாள் சிரித்தாள், பிறகு முகம் மாறியது. "இதுல தொவைச்சது கெடுதலுங்களா?"

"தொவைச்சதுல பயப்பட ஒண்ணுமில்லக்கா. ஆனா இனி இது இங்க வேண்டாம். நான் எடுத்துக்கிறேன், வேற கல் போட்டுத் தர்றேன்."

சாலம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கணவனுக்குப் போன் போட்டு ஆன்சியிடம் கொடுத்தாள். முருகானந்தம் அப்போது சத்தீஸ்கரில் ஒரு காட்டோரம் போர் போட்டுக்கொண்டிருந்தான். ரிக்கின் இரைச்சலுக்கு அப்பால் நடந்து வந்து பேசினான்.

"அந்தக் கல்லுங்களா? ஏழு வருசமாச்சுங்க. இங்க மலைக்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போர் போட வந்தோம். பக்கத்து ஓடைல கெடந்துச்சு. நல்லாச் சப்பட்டையா இருக்குதேன்னு ரிக்கோட கூட வர்ற சப்போர்ட் லாரில போட்டுட்டு வந்துட்டேன்."

"அந்த மாதிரிக் கல் அங்க இன்னும் இருந்ததாண்ணா?"

"ஓடை பூராவும் அதானுங்க!"

ஆன்சிக்கு அதன்பின் சோளக்காட்டில் கால் நிலைகொள்ளவில்லை. அன்றே அறிக்கை எழுதினாள். துணி துவைக்கிற கல்லை நம்பி ஆயிரம் கிலோமீட்டர் போவதா என்று மேலதிகாரி சிரித்தார். ஆய்வகத்திலிருந்து கல்லின் முடிவு வந்தபின் சிரிக்கவில்லை. அனுமதி கைக்கு வர எட்டு மாதம் பிடித்தது.

தை மாதத்தில் அவள் அந்த மலையடிவாரத்தில் இறங்கியபோது, முருகானந்தம் தன் முகாமிலிருந்து பைக்கில் வந்து காத்திருந்தான். ஓடையோடு மேலே ஏறினார்கள். சிவந்த கற்களைக் காணக் காண எண் கூடியது: முந்நூறு, அறுநூறு. ஒரு வளைவு தாண்டியதும் சட்டென்று நூறு. அதற்குமேல் ஒரு சிவந்த கல்கூட இல்லை.

"போச்சுங்களா?" என்றான் முருகானந்தம்.

"இல்லண்ணா. தாண்டி வந்துட்டோம். கல்லெல்லாம் நமக்குப் பின்னால கரையிலிருந்துதான் ஓடைக்குள்ள உருண்டிருக்கு."

திரும்பி வந்து இடது கரையில் புதரை விலக்கி ஏறினார்கள். ஆளுயரத்துக்குமேல் பாறையில் ஒரு சிவந்த பட்டை, முழ அகலத்தில், மலைக்குள் சாய்ந்து இறங்கியிருந்தது. கருவி விடாமல் கத்தியது. ஆன்சிக்குச் சிரிப்பும் மூச்சிரைப்பும் ஒன்றாக வந்தன.

"இதுக்கு நேராப் போர் போட்டாச் சிக்காதுங்களே," என்றான் அவன், பட்டையின் சாய்வைப் பார்த்தபடி.

"சாய்ச்சுத்தான் போடுவோம். பாறை உருளை உருளையா முழுசா மேல வரும்."

"முழுசாவா?" அவன் நம்பவில்லை. "இருபத்திரண்டு வருசமாப் போர் போடறேன். பாறைய மாவாத்தான் பார்த்திருக்கேனுங்க. அன்னிக்கு என்னையும் கூப்புடுங்க, எங்கிருந்தாலும் வாரேன்."

பங்குனியில் சொன்னபடியே லீவு போட்டுவிட்டு வந்தான். நாற்பத்தொரு மீட்டர் ஆழத்தில் சிவந்த பட்டை கிடைத்தது. சுரங்கம் தோண்டும் அளவுக்கு இருக்கிறதா என்பது இன்னும் எத்தனையோ துளைகளுக்குப் பிறகுதான் தெரியும் என்றாள் ஆன்சி. முருகானந்தம் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்த கல் உருளைகளின் முன்னால் உட்கார்ந்து, முதல் மீட்டரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.