முந்நூறு பேரை இறக்கிய முழங்கை நீள எஞ்சின்

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, மேட்டுக்கல் தேயிலைத் தோட்டத்தில், முழங்கை நீளமே இருந்த ஒரு நீராவி எஞ்சின் முந்நூறு பெண்களைக் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து ஒரே மூச்சில் கீழே இறக்கியது. நம்பமாட்டீர்கள், தெரியும். கண்டாக்கு சிவசாமியே நம்பவில்லை. அவர் தேயிலை மலையில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர்; பல்லைக் கடித்தே பாதிப் பல்லைத் தேய்த்தவர். மழை பெய்தால்கூட யாரைக் கேட்டுப் பெய்கிறது என்று விசாரிப்பார்.

தொழிற்சாலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அழகுமுத்து அதைக் கட்ட ஏழு வருஷம் எடுத்துக்கொண்டான். ஓர் ஆணிகூடக் கடையில் வாங்கியதில்லை. பாய்லர், ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் அடுப்பின் பித்தளைத் தொட்டி. சிலிண்டர்கள், சைக்கிள் கடை நஸார் முதலாளி தூக்கிப்போட்ட இரண்டு சைக்கிள் பம்பு. தண்டவாளம், தேயிலைப் பெட்டிக்கு அடிக்கிற தகரப் பட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, தொழிற்சாலையின் பழைய சங்கு. வெடித்துவிட்டதென்று குப்பையில் எறிந்ததை எடுத்து, வெடிப்பில் ஈயம் ஊற்றி, எஞ்சின் தலையில் கிரீடம்போல வைத்திருந்தான். தொழிற்சாலைக்கு அதே வார்ப்பில், அதே குரலில் புதுச் சங்கு வந்திருந்தது.

1957இல், மப்பு மூடிய ஒரு காலை பத்து மணிக்கு, கண்டாக்கு பட்டறைக்குள் வந்தார்.

"என்னடா இது, பூனைக்குட்டிக்குத் தேரா?"

"எஞ்சினுங்க, ஐயா."

"எல்லாம் பெக்டரிப் பித்தளை. பழைய இரும்பு லொறி பதினோரு மணிக்கு வருது. ஒடைச்சு ஏத்திடு."

ஏழு வருஷத்தில் அந்த எஞ்சின் இன்னும் ஓர் அடிகூட நகர்ந்ததில்லை.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு ஒடைச்சிடுறேங்க."

"இது ஓடுமா? ஒரு முட்டைய வேக வைக்குமாடா இது? சரி, லொறி வர்ற வரைக்கும் வெளையாடு."

அழகுமுத்து தீ மூட்டினான். தண்ணீர் முனகியது, பிறகு கொதித்தது, பிறகு கோபித்துக்கொண்டது. கைப்பிடியை நகர்த்தினான். எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஐயோ, ஓடியது! தகரப் பட்டியில் தடதடவென்று ஓடிய அதன் பின்னாலேயே அவனும் குழந்தைபோல முழங்காலில் தவழ்ந்தான். கண்ணில் வந்த நீருக்குப் புகைமேல் பழி போட்டான். அந்தக் குஷியில் சங்கின் கயிற்றை இழுத்தான்.

அந்தச் சின்ன வயிற்றுக்குள் அவ்வளவு கூச்சல் எங்கே இருந்ததோ! பட்டறைக் கூரையில் ஆணிகள் ஆடின. பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. வட்டகொடையில் நின்றிருந்த ரயில் மரியாதைக்குப் பதில் ஊதியதாகப் பேச்சு.

மலைமேல் கொழுந்து பறித்த பெண்களுக்கு வேறென்ன தோன்றும்? பகல் பன்னிரண்டுக்கு, கொழுந்து நிறுவைக்குச் சங்கு ஊதினால் இறங்கவேண்டும். மப்பில் சூரியனும் இல்லை, கேட்டுப் பார்க்க. முந்நூறு பேரும் இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்தவள் அழகுமுத்துவின் மனைவி பேச்சியம்மாதான்.

"அதுக்குள்ள பன்னெண்டா? கூடை பாதிகூட ரொம்பலையே!"

"நாந்தான் ஊதிட்டேன் புள்ள."

"அடப்பாவி மனுசா! இந்தத் தகரத்தக் கட்டிக்கிட்டு ஏழு வருசம் அழுதது போதாதா? இப்ப வேலையும் போச்சு!"

கண்டாக்குக்கு முகம் செந்தணலாகிவிட்டது. "தகர டப்பா ஊதி முந்நூறு பேரு எறங்குறதா? எவளோ கதை கட்டுறா. மலையில மிச்சப் பேரு இருப்பாங்க, நான் பாக்குறேன்!" என்று மேலே ஏறினார்.

ஒரே ஒரு ஆள்கூட இல்லை. நிரை நிரையாகத் தேயிலைச் செடி மட்டும். அந்த நேரம் பார்த்துக் காற்றில் காய்ந்த கிளையொன்று முறிந்து குளவிக்கூட்டின்மேல் விழுந்தது. கொட்டுவதற்கு ஆள் தேடிய குளவிகளுக்குக் கிடைத்தது கண்டாக்கு ஒருவர்தான். அவர் கோட்டைத் தலையில் போர்த்திக்கொண்டு இறங்கிய வேகத்துக்கு டீசல் எஞ்சின்கூட வெட்கப்பட்டிருக்கும். உதடு பணியாரம்போல வீங்கியிருந்தது.

சத்தம் கேட்டுத் தோட்டத்துத் தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். மலைமேல் கரும்புகைபோலச் சுழன்ற குளவிகளைப் பார்த்தார். கீழே பத்திரமாக நின்ற பெண்களைப் பார்த்தார். பின்னால் பழைய இரும்பு லொறி வந்து நின்றது.

"பொம்பளைங்கள யாரு எறங்கச் சொன்னது?"

அழகுமுத்து எஞ்சினைக் குழந்தையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டான்; அது இன்னும் சுட்டது. பேச்சியம்மா அவன் முன்னால் வந்து நின்று, "அந்த ரயிலுதாங்க தொரை" என்றாள்.

தொரை சிரித்துவிட்டார். "கண்டாக்கு! நீ சொல்லு. உண்மைன்னா அது பட்டறையில இருக்கட்டும். பொய்யின்னா லொறியில ஏத்து."

சிவசாமி லொறியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், பிறகு மலையை ஒரு தரம் பார்த்து நடுங்கினார். வீங்கிய உதட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"உண்மைதாங்க தொரை. முந்நூறு பேரையும் அதுதான் எறக்குச்சு. என்னைய மட்டும் விட்டுருச்சு."